பலவீனம் என்னோட யோசனை

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க, முதல்ல காபி குடிங்க, அப்புறம் பேசலாம்.

ஜெயசீலியைப் பத்தி விசாரிக்கணும்னு நீங்க போன்ல சொன்னதுமே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க கல்லூரியில புதுசா தத்துவத் துறை ஆரம்பிக்கிறீங்க, அதுக்கு அவளை எடுக்கலாமான்னு யோசிக்கிறீங்க. சரி, நல்ல விஷயம். ஆனா தன்னைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கலாம்னு நீங்க கேட்டதுக்கு என் பேரைச் சொல்லியிருக்கா பாருங்க, அதைத்தான் என்னால நம்ப முடியல. எங்க என் பேரைச் சொல்லணுமோ அங்க சொல்லல. உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்கா.

அவ, இவன்னு பேசுறேன்னு தப்பா நினைக்காதீங்க. அவ்வளவு பழக்கம். காலேஜுக்குள்ள அடுத்தவங்க முன்னாடி மேடம்னு கூப்பிடுவா, தனியா இருந்தாலோ கேட்டைத் தாண்டினாலோ அக்காதான். என் கூடப் பொறந்தவங்ககூட என்னை அப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்ல. அதனாலதான் இவ்வளவு வலிக்குது.

எங்க துறையில நாங்க ரெண்டே பேர். நான் துறைத்தலைவர், அரசாங்கச் சம்பளம், நிரந்தர வேலை. அவ மேனேஜ்மென்ட் ஸ்டாஃப். வருஷா வருஷம் நிர்வாகம் பாத்துப் புதுப்பிச்சாத்தான் அடுத்த வருஷம் வேலை. லால்குடியில இருந்து தினம் ரயில்ல வருவா. ரயில்ல உக்காந்து போன்ல கேம் ஆடிக்கிட்டே வருவா. கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்தவ, சண்டைக் கேம் ஆடுவா. நான் கேலி பண்ணுவேன். "அக்கா, பிள்ளைங்க சண்டையைவிட இது பரவால்ல, இதுல நிறுத்துறதுக்கு ஒரு பட்டன் இருக்கு"ம்பா.

தத்துவம் படிக்க யார் வர்றா சொல்லுங்க? காமர்ஸ் கிடைக்காதவன், கம்ப்யூட்டர் கிடைக்காதவன், கடைசியில எங்ககிட்ட வருவான். வந்து உக்காந்து தூங்குவான். இப்படியே போனா துறையை மூட வேண்டியதுதான்னு முதல்வர் வெளிப்படையாவே சொல்லிட்டார். எனக்கு ஒண்ணும் ஆகாது, வேற துறையில சேத்துக்குவாங்க. ஜெயசீலிக்குத்தான் வேலை போயிருக்கும். அந்தக் கவலை எனக்கு நிறைய இருந்துச்சு. இதை நீங்க மனசுல வெச்சுக்கணும்.

அந்தச் சமயத்துலதான் எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து பைபாஸ் பண்ண வேண்டியதாப் போச்சு. நான் நீண்ட லீவுல போயிட்டேன். என் வகுப்பையும் சேத்து அவதான் எடுத்தா. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு கேரியர்ல ரசம் சாதம், ஒரு பொரியல்னு கொண்டாந்து குடுத்துட்டு கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுவா. அதெல்லாம் நான் மறக்கல. நன்றி கெட்டவ இல்ல நான்.

லீவு முடிஞ்சு காலேஜுக்குப் போறேன், வராந்தாவுல நடக்கிறப்பவே எங்க வகுப்புல ஒரே சத்தம். ஏதோ அடிதடின்னு நினைச்சு வேகமாப் போனேன். போய்ப் பாத்தா போர்டு முழுக்கப் படம். தத்துவவாதிங்க எல்லாரையும் வீடியோ கேம்ல வர்ற ஆளுங்க மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கா. ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் அடி விழ விழக் குறையுற உயிர்க்கோடு, பக்கத்துல ஆயுதம், சிறப்புச் சக்தி, எதிரி யாருன்னு எழுதியிருக்கு.

உலகத்தைப் புரட்டிப்போட நினைச்சவங்களா பொறுக்கி எடுத்திருந்தா. பீப்பாய்க்குள்ள குடியிருந்த கிரேக்கர் ஒருத்தர் இருந்தார்ல, அவருக்கு உயிர்க்கோடே கிடையாது. ஏன்னா பறிகுடுக்க அவர்கிட்ட எதுவும் இல்ல, அடிச்சா எதைக் குறைப்பீங்க? தாடிக்கார ஜெர்மன்காரர் எதிரில நிக்கிறவனை அடிக்கவே மாட்டார். நிக்கிற தரையைப் பிடிச்சுப் புரட்டுவார். பொம்பளையாப் பொறக்கிறதில்ல, ஆக்கப்படுறோம்னு எழுதின பிரெஞ்சு அம்மா இருக்காங்களே, அவங்களை நீங்க தேர்ந்தெடுத்தா ஆட்டம் உடனே தொடங்காது. "எனக்கு இந்த உடுப்பை வரைஞ்சது யாரு?"ன்னு முதல்ல நம்மளையே கேப்பாங்க. நம்ம ஊரு உலகாயதர்களுக்கு உருவமே வரையல. சாமி இல்ல, மறுபிறவி இல்லன்னு சொன்னவங்க. அவங்க எழுதினது எதுவும் மிஞ்சல, எதிரிங்க திட்டி எழுதினதுலதான் அவங்க இருக்காங்க. அதனால எதிரியோட திரையில மட்டும் ஒரு நிழலா வருவாங்கன்னு எழுதியிருந்தா.

நான் போனப்ப நடந்த சண்டை, விஷம் குடிச்ச பெரியவரைப் பத்தி. சிறைக் கதவு திறந்தே இருக்கும், ஆனா வெளிய போற பட்டன் அவருக்குக் கிடையாது. "அப்புறம் எப்படி மேடம் ஜெயிக்கிறது?"ன்னு பர்வீன்னு ஒரு பொண்ணு எந்திரிச்சுக் கேக்குறா. அதுவரைக்கும் வகுப்புல வாயே திறக்காத பொண்ணு அது. பின்னாடி பெஞ்சுல இருந்து ஒருத்தன் "போகாம இருக்கிறதுதான் ஜெயிக்கிறது"ங்கிறான். பாதி வகுப்பு அந்தப் பக்கம், பாதி வகுப்பு இந்தப் பக்கம். மணி அடிச்சும் யாரும் வெளிய போகல.

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. எவ்வளவு பெரிய மனுஷங்க, அவங்களைப் பொம்மையாக்குறதான்னு. ஆனா அன்னிக்கு மத்தியானம் சாப்பிடும்போது யோசிச்சுப் பாத்தேன். இதுல ஏதோ இருக்குன்னு பட்டுச்சு. ஒரு குறையும் பட்டுச்சு. எல்லாருக்கும் பலம் மட்டும்தான் போட்டிருந்தா. நான் சொன்னேன், "பலவீனத்தையும் போடு ஜெயசீலி. பலவீனம் இல்லாதவன் தெய்வம், தத்துவவாதி இல்ல." அவ சாப்பிட்ட கையோட அப்படியே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா. "அக்கா, இதுதான் குறைஞ்சுது, என்னன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன்"னா. இது அவளே சொன்னது. இதை எங்க வேணாலும் சொல்லுவேன்.

அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம். யாருக்கு என்ன பலவீனம்னு மத்தியானம் முழுக்கப் பேசுவோம். பீப்பாய்க்காரருக்குக் காய்ச்சல் வந்தா கஞ்சி வெச்சுத்தர ஆள் இல்ல. கடவுள் செத்துட்டார்னு சொன்னவர் தனியா நின்னா சிங்கம், நாலு பேரோட ஒரு அணியில சேத்தா சுருண்டுடுவார். தாடிக்காரர் உலகத்துக்கே சோறு போட யோசிப்பார், வீட்டு அடுப்புக்கு நண்பன் வரணும். அவ சிரிச்சுச் சிரிச்சு எழுதுவா. என் வாழ்க்கையில நான் தத்துவம் படிச்சதுக்குப் பிரயோஜனம்னு இருந்தா அந்த ஒரு வருஷம்தான்.

அடுத்த வருஷம் எங்க துறையில இடம் நிரம்பிடுச்சு. முதல்வர் கூட்டத்துல என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். மைசூர்ல ஒரு கருத்தரங்குக்கு என்னைக் கூப்பிட்டாங்க. இந்த முறையைப் பத்தித்தான் கட்டுரை படிச்சேன், அவ்வளவு கைத்தட்டல். அழைப்பு வந்தது எனக்கு, அதனால கட்டுரையில என் பேருதான் போட முடியும். ஆனா கடைசியில நன்றி சொல்லும்போது என் உதவியாளர் ஜெயசீலின்னு மேடையிலயே சொன்னேன். அதை அவகிட்டயும் வந்து சொன்னேன். "சந்தோஷம்க்கா"ன்னா. அவளுக்கு அப்பவே மனசுல ஏதாவது இருந்திருந்தா சொல்லியிருக்கணுமா இல்லையா?

பிரச்சனை வந்தது கண்காட்சியில. ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு துறையும் ஒரு அறையில ஏதாவது வெப்பாங்க. நாங்க இந்தப் படங்களைப் பெருசா வரைஞ்சு மாட்டினோம். கடவுள் செத்துட்டார்னு சொன்னவர் படத்துக்குக் கீழ, எதிரிங்கிற இடத்துல பிள்ளைங்க "கடவுள்"னு எழுதி, பக்கத்துல "ஆட்டம் முடிந்தது"ன்னு போட்டிருந்தாங்க. முதல் நாளே ஜெயசீலி என்கிட்ட வந்து, "இதை இப்படியே வெக்கலாமாக்கா, யாராவது ஏதாவது சொல்வாங்களா?"ன்னு கேட்டாளாம். நான் ஏதோ வேலையா இருந்திருப்பேன். "ம்"னு சொல்லியிருப்பேன். நீங்களே சொல்லுங்க, "ம்"ங்கிறது சம்மதமா?

எங்க நிர்வாகச் செயலாளர் பக்திமான். நெத்தி நிறைய விபூதி இல்லாம வெளிய வர மாட்டார். விருந்தாளிங்களைக் கூட்டிக்கிட்டு வந்தவர் அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னுட்டார். கீழ எழுதியிருந்ததைப் படிச்சார். திரும்பிப் போயிட்டார். மறுநாள் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

அந்த அறையில நடந்ததை நான் உங்களுக்கு அப்படியே சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

"இது யாரோட வேலை?"ன்னார்.

"வரைஞ்சது ஜெயசீலி, சார்"னேன். அவதானே வரைஞ்சா? எனக்குக் கோடு போடக்கூட வராது.

"நீங்க துறைத்தலைவர். உங்களுக்குத் தெரியாம நடந்துச்சா?"

"இது ஆரம்பிச்சப்ப நான் லீவுல இருந்தேன், சார்."

அதுவும் உண்மைதான். ஆஸ்பத்திரி ரசீது இன்னும் வீட்டுல இருக்கு, வேணும்னா காட்டுறேன். ஒரு பொய் கிடையாது நான் சொன்னதுல.

அவர் அவ பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவ என்னை ஒரு தடவை பாத்தா. அப்புறம் அவரைப் பாத்து, "மேடம் சொன்னது சரிதான், சார்"னா.

அவ்வளவுதான். எனக்கு அங்கதான் முதல் அடி. ஏன் அப்படிச் சொல்லணும்? "இல்ல சார், மேடமும் நானும் சேந்துதான் செஞ்சோம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆமா சார்னு நானும் சொல்லியிருப்பேன். கண்டிப்பா சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துச்சு. எனக்கு அந்த வாய்ப்பையே அவ தரல. வேணும்னே அமைதியா இருந்து, பழி முழுக்கத் தானே வாங்கிக்கிட்டு, என்னை ஒரு ஆளாவே நிக்க விடாமப் பண்ணிட்டா. இதைப் பெருந்தன்மைன்னு சிலபேர் சொல்றாங்க. எனக்கு அது துரோகம்னுதான் படுது.

அந்தப் பருவத்தோட அவளுக்குப் புதுப்பிக்கல. விஷயம் தெரிஞ்சதும் பிள்ளைங்க வகுப்புக்குப் போகாம ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டாங்க. பர்வீன் என் அறைக்கு வந்தா. நான் அவங்களுக்காகப் பேசணும்னு அவ கேக்கல. "மேடம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்து எங்களோட சும்மா உக்காந்தாப் போதும்"னா. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? துறைத்தலைவர் போய் மாணவர்களோட தரையில உக்காந்தா அது என்னன்னு ஆகும்? துறையையே மூடிருப்பாங்க. அந்தத் துறையைக் காப்பாத்தத்தான் நான் வெளிய போகல. இன்னிக்கும் அது நடக்குதுன்னா அதனாலதான். இப்ப யாரும் அவ்வளவா சேர்றதில்ல, அது வேற விஷயம்.

கடைசியில ஜெயசீலியே வந்து பிள்ளைங்களை எந்திரிச்சு வகுப்புக்குப் போகச் சொன்னா. மாடி ஜன்னல் வழியா நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ மேல வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவான்னு நினைச்சேன். டீகூட வரவழைச்சு வெச்சிருந்தேன். அவ அப்படியே கேட்டைத் தாண்டிப் போய் ஸ்டேஷன் பஸ் ஏறிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. இத்தனை வருஷம் பழகினவ, இப்படியா போவாங்க? நானும் போன் பண்ணல. அவதானே பண்ணணும், போனவதானே?

அப்புறம் கொஞ்ச காலம் எதுவும் தெரியல. எங்கயோ ட்யூஷன் எடுக்கிறான்னாங்க. திடீர்னு ஒருநாள் எங்க வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சுக்கிட்டு வந்து, "இது உன் சிநேகிதிதானே?"ங்கிறார். ஜெயசீலி படம் போட்டிருக்கு. பழைய மாணவர்களோட சேந்து அந்தத் தத்துவவாதிங்களை நிஜமாவே கேமா பண்ணிட்டாளாம். பர்வீனோட அண்ணன் அந்த வேலை தெரிஞ்சவன், அவன் செஞ்சு குடுத்திருக்கான். போன்ல ஆடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கல்லாம் ஆடுதுங்களாம். அந்தப் பேட்டியைத் தேடித் தேடிப் படிச்சேன். என்னைப் பத்தி நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. நான்னு ஒருத்தி இருந்ததே இல்லங்கிற மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்காரரை விட்டு என் போன்ல ஏத்தச் சொன்னேன். திறந்ததும் முதல்ல ஒரு வாக்கியம் வருது. "பலவீனம் இல்லாதவன் தெய்வம், தத்துவவாதி இல்ல." நான் சொன்னது. சாப்பாட்டு மேஜையில நான் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறல. கீழ யார் சொன்னதுன்னு இல்ல.

சரி, செஞ்சவங்க பேரெல்லாம் எங்க வரும்னு கேட்டேன். ஆட்டத்தை முழுசா முடிச்சாத்தான் கடைசியில வருமாம். இந்த வயசுல நான் கேம் ஆடக் கத்துக்கிட்டேங்க. கட்டைவிரல் வீங்கிப் போச்சு. சமைக்கும்போது அடுப்புப் பக்கத்துல வெச்சு ஆடுவேன். தோத்துத் தோத்து, திரும்பத் திரும்ப ஆடி, எல்லாரையும் தாண்டி முடிச்சேன். பேரு ஒவ்வொண்ணா மேல ஏறிப் போகுது. பர்வீன், அவ அண்ணன், அந்த வகுப்புப் பிள்ளைங்க எல்லாரும். கண்காட்சிக்கு ஆணி அடிச்சுக் குடுத்த எங்க துறை அட்டெண்டர் மாணிக்கம் பேருகூட வந்துச்சு. என் பேரு இல்ல. கண்ணு தவறிடுச்சோன்னு இன்னொரு தடவை முடிச்சுப் பாத்தேன். இல்ல.

அன்னிக்கு நான் சாப்பிடல. எங்க வீட்டுக்காரர், "கேம்தானே, விடு"ன்னார். அவருக்கு என்ன தெரியும்?

பர்வீனுக்குப் போன மாசம் கல்யாணம். பத்திரிகை வெச்சிருந்தா, போனேன். சாப்பாட்டுப் பந்தியில திரும்பிப் பாத்தா ஜெயசீலி எனக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்திருக்கா. கொஞ்சம் இளைச்சிருந்தா. எங்க வீட்டுக்காரர் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா. மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாரான்னு கேட்டா. நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, பொறுக்க முடியாம நேராவே கேட்டுட்டேன். "ஏன் ஜெயசீலி என் பேரைப் போடல?"

அவ கையில எடுத்த சோத்தை இலையில வெச்சுட்டா.

"முதல்ல போட்டிருந்தோம், மேடம். உங்க பேருதான் முதல்ல இருந்துச்சு. அப்புறம் நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க இன்னும் அங்கதானே வேலை பாக்குறீங்க. செயலாளர் கண்ணுல பட்டா உங்களுக்குக் கஷ்டமாயிடும்."

மேடமாம். கல்யாண மண்டபத்துல, காலேஜ் கேட்டுக்கு வெளிய, மேடமாம்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் உன்கிட்டக் கேட்டேனா?"ன்னேன்.

"இல்ல மேடம். நீங்க எதுவும் கேக்கல"ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூட நானும் ரெண்டு வார்த்தை சொல்லி மனசை ஆத்தியிருப்பேன். சாதாரணமாச் சொல்லிட்டு, எனக்குத் தயிர்ப் பச்சடி கம்மியா இருக்குன்னு பரிமாறுறவரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னா. எனக்குப் பச்சடி பிடிக்கும்னு அவளுக்குத் தெரியும்.

பாத்தீங்களா? நான் ஏதோ பயந்தாங்கொள்ளி மாதிரி. என்னைப் பொத்திப் பாதுகாக்கணும்னு இவளுக்கு யார் சொன்னது? என் பேரு அங்க இருந்திருந்தா செயலாளர் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். கேக்கட்டுமே. ஆமா சார், அந்த யோசனை என்னுதுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல விடாமப் பண்ணினது இவதான். ரெண்டு தடவை. அந்த அறையில ஒரு தடவை, இந்தக் கேம்ல ஒரு தடவை.

இருக்கட்டும். நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லணும்ல. என் மனவருத்தத்தை அவ பிழைப்புல காட்டுற ஆள் இல்ல நான். தாராளமா எடுத்துக்கோங்க. அவ மாதிரி சொல்லித்தர உங்களுக்கு ஆள் கிடைக்காது. தூங்குறவனையும் எந்திரிச்சு உக்காந்து சண்டை போட வெச்சவ. பொறுப்பானவ, ஒருநாள் லேட்டா வந்தது கிடையாது. அந்த விசாரணை விஷயத்துல அவ மேல ஒரு தப்பும் கிடையாது. இதை நானே உங்களுக்குச் சொல்றேன், அந்த அறையில இருந்தவ சொல்றேன். எழுதிக்கோங்க.

என்னது? யார் சொன்னதுன்னு போடணுமா? என் பேரும் பதவியுமா?

அது எதுக்குங்க? உங்க தலைவரும் எங்க செயலாளரும் பழக்கம்னு கேள்விப்பட்டேன். ஒரே கோயில் கமிட்டியாம். ஏதோ பேச்சுவாக்குல வந்துச்சுன்னா… எனக்கு ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருக்கு. பென்ஷன் பேப்பர் எல்லாம் அவர் கையெழுத்துலதான் போகணும். விசாரித்த வகையில் நல்லவிதமாகச் சொன்னார்கள்னு பொதுவா போட்டுக்கோங்க, போதும். இல்லங்க, எழுதின பேரை அடிச்சுடுங்க, நான் பாக்குறேன். அந்த முதல் எழுத்தையும் சேத்து அடிச்சுடுங்க.